பெயர் பல, பொறி சில: பலகைக் கணினியில் உலாவித் தேர்வின் வரலாறு

இணையப் பக்கங்களைத் தருவித்துத் திரையில் காட்டும் மென்பொருளுக்குத் தமிழில் உலாவி என்ற பெயர் நிலைபெற்றுவிட்டது. பயன்படுத்துவோர் கண்ணில் படுவது அதன் முகப்பு மட்டுமே. முகவரி எழுதும் பட்டையும், பக்கங்களை அடுத்தடுத்துத் திறந்து வைக்கும் தாவல்களும் அம்முகப்பைச் சேர்ந்தவை. அதற்கு அடியில், வழங்கி எனப்படும் தொலைக்கணினி அனுப்பும் குறிமொழியைப் படித்து, அதை எழுத்தாகவும் படமாகவும் வரைந்து தரும் பகுதி இயங்குகிறது. அதனை உலாவிப் பொறி என்பர். மேசைக் கணினிக் காலத்தில் இந்தப் பாகுபாடு பெரும்பாலும் பொறியாளர்களின் கவலையாகவே இருந்தது. டேப்லெட் என்று பரவலாக வழங்கும் பலகைக் கணினி வந்தபின், உலாவியைத் தேர்ந்தெடுப்பது என்பதன் பொருளையே அப்பாகுபாடு தீர்மானித்தது. கைபேசியாகவும் கொள்ளப்படாமல் கணினியாகவும் கொள்ளப்படாமல் நடுவில் நின்ற இக்கருவிக்கு, கைபேசியின் கட்டுகள் முதல் நாளிலேயே வந்து சேர்ந்தன. கணினியின் உரிமைகளோ காலந்தாழ்ந்தே வந்தன.

கணினி உலாவித் தேர்வுரிமையைப் பெற்ற வரலாறு 1995 இல் தொடங்குகிறது. நெட்ஸ்கேப் நிறுவனத்தின் உலாவி கோலோச்சிய அவ்வாண்டில் மைக்ரோசாப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை வெளியிட்டு, பின்னர் அதை விண்டோஸ் இயங்குதளத்தோடு பிணைத்துக் கொடுத்தது. கணினியை வாங்கும்போதே ஓர் உலாவி உள்ளே இருந்ததால், மற்றொன்றைத் தேடிப் போகும் தேவை பெரும்பாலோர்க்கு எழவில்லை. 1998 இல் அமெரிக்க அரசு தொடுத்த போட்டித் தடுப்பு வழக்கு 2001 இல் உடன்பாட்டில் முடிந்தது. ஐரோப்பாவில், நார்வே நாட்டு ஓபரா நிறுவனம் 2007 இல் அளித்த முறையீட்டின் தொடர்ச்சியாக, 2010 மார்ச் முதல் விண்டோஸ் பயனர்களுக்குப் பன்னிரண்டு உலாவிகளின் பெயர்களைக் காட்டும் தேர்வுத் திரை வைக்கப்பட்டது. அத்திரை ஓராண்டுக்கு மேலாகச் சில கணினிகளில் தோன்றாமல் போனதற்காக, ஐரோப்பிய ஆணையம் 2013 இல் மைக்ரோசாப்டுக்கு 56.1 கோடி யூரோ தண்டம் விதித்தது. எனினும் அந்த ஏற்பாடு விண்டோஸ் கணினிகளுக்கு மட்டுமே உரியது. தேர்வுத் திரை நடைமுறைக்கு வந்த மறு மாதமே, 2010 ஏப்ரல் 3 அன்று, அதன் எல்லைக்குள் அடங்காத ஆப்பிளின் ஐபேடு அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது.

ஐபேடுக்கு முன்னரும் பலகைக் கணினிகள் இருந்தன. 2002 இல் மைக்ரோசாப்ட் எழுதுகோலால் இயக்கும் கணினிகளுக்கென விண்டோஸ் எக்ஸ்பியின் தனிப் பதிப்பை வெளியிட்டது. விண்டோஸில் ஓடும் எந்த உலாவியையும் அதில் நிறுவிக்கொள்ளலாம் என்றாலும், அவை சுட்டிக்கும் விசைப்பலகைக்குமாக வடிவமைக்கப்பட்டவை. 2005 இல் நோக்கியா வெளியிட்ட 770 என்னும் கருவியோ, தொலைபேசி வசதி இல்லாமல், இணையப் பலகை என்ற பெயரோடே 4.1 அங்குலத் திரையும் ஓபரா உலாவியும் கொண்டு வந்தது. 2007 இல் அதன் வழித்தோன்றலான என்810, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கிய மொசில்லாவின் பொறியோடு வந்தது. லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இக்கருவிகள் பரவலாக விற்கவில்லை. ஆனால் இரண்டே ஆண்டுகளில் ஒரே வரிசையில் பொறி மாறியது, உலாவியும் கருவியும் பிரிக்க முடியாதவை அல்ல என்பதற்குச் சான்றாகிறது.

ஐபேடு அந்த வழியில் செல்லவில்லை. அதனோடு வந்த சஃபாரி உலாவியின் பொறி வெப்கிட். லினக்ஸ் உலகின் கேடிஇ திட்டத்தார் உருவாக்கிய கேஎச்டிஎம்எல் என்னும் திறந்த மூலப் பொறியை எடுத்து ஆப்பிள் வளர்த்து, 2003 இல் தன் கணினிகளில் புகுத்திய பொறி அது. ஐபேடில் நிறுவும் செயலிகள் ஆப்பிளின் கடை வழியாகவே வர வேண்டும் என்பதும், வலைப்பக்கம் காட்டும் எந்தச் செயலியும் கருவியிலுள்ள வெப்கிட்டையே பயன்படுத்த வேண்டும் என்பதும் அன்று ஆப்பிளின் விதிகளாக இருந்தன. பாதுகாப்பே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இதனால் ஐபேடுக்கு 2012 இல் வந்த கூகுள் குரோமும், 2015 இல் வந்த ஃபயர்ஃபாக்சும், பெயரிலும் முகப்பிலும் தனித்து நின்றாலும், பக்கத்தை வரையும் வேலையில் சஃபாரியின் பொறியையே நம்பியிருந்தன. அப்பொறியும் எல்லோர்க்கும் ஒரே அளவில் கொடுக்கப்படவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியை ஓடும்போதே எந்திர மொழியாக மாற்றி விரைவுபடுத்தும் நுட்பம் 2011 இல் சஃபாரிக்குக் கிடைத்தது. பிற உலாவிகளுக்கு அது 2014 வரை மறுக்கப்பட்டதால், அவற்றைத் தேர்ந்தவர்கள் மெதுவான உலாவலை ஏற்க வேண்டியிருந்தது.

கூகுளின் ஆண்ட்ராய்டு இதற்கு மாறானது. பலகைக் கணினிகளுக்கென்றே 2011 இல் வெளியிடப்பட்ட அதன் 3.0 பதிப்பில், மேசைக் கணினியில் உள்ளதைப் போன்ற தாவல்கள் கொண்ட உலாவி இடம்பெற்றது. அதை விரும்பாதவர்கள் சொந்தப் பொறி கொண்ட ஃபயர்ஃபாக்சையோ ஓபராவையோ நிறுவிக்கொள்ளத் தடை இருக்கவில்லை. அதே ஆண்டு அமேசான் தன் கிண்டில் ஃபயர் பலகையில் சில்க் என்னும் உலாவியை வைத்து, பக்கத்தைச் சேர்க்கும் வேலையின் ஒரு பகுதியைத் தன் வழங்கிகளுக்கே மாற்றிக்கொண்டது. ஆனால் பொறிகள் பல இருக்கலாம் என்று அனுமதித்த இடத்திலும் அவை குறைந்தே போயின. 2013 பிப்ரவரியில் ஓபரா தன் சொந்தப் பொறியான பிரெஸ்டோவைக் கைவிடுவதாக அறிவித்தது; ஏப்ரலில் கூகுள் வெப்கிட்டிலிருந்து பிரிந்து பிளிங்க் என்னும் பொறியைத் தொடங்க, ஓபராவும் அதன்பின் சென்றது. ஐபேடில் விதி செய்த வேலையை, ஆண்ட்ராய்டில் பொறி ஒன்றைத் தனியே வளர்ப்பதற்கு ஆகும் செலவு செய்தது.

பலகைக் கணினியின் இரண்டுங்கெட்டான் நிலை மிகத் தெளிவாக வெளிப்பட்ட இடம், உலாவி வழங்கியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒற்றை வரியாகும். ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் உலாவி தன் பெயரையும் கருவியின் வகையையும் இவ்வரியில் எழுதி அனுப்புகிறது. 1990களில் சில தளங்கள், மொசில்லா என்ற உட்பெயர் கொண்ட நெட்ஸ்கேப் உலாவிக்கு மட்டும் மேம்பட்ட பக்கங்களை அனுப்பியதால், இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் தன்னை மொசில்லா என்றே சொல்லிக்கொண்டது. அன்றிலிருந்து ஏறக்குறைய எல்லா உலாவிகளின் வரியும் அப்பெயரிலேயே தொடங்குகிறது. ஐபேடின் வரியில், கைபேசியைக் குறிக்கும் மொபைல் என்ற சொல்லும் இருந்தது; அச்சொல்லை மட்டும் பார்த்த தளங்கள், கைபேசிக்கென ஒடுக்கி அமைத்த பக்கத்தை 9.7 அங்குலத் திரைக்கு அனுப்பின. ஆண்ட்ராய்டு பலகைகளின் வரியில் அச்சொல் இடம்பெறக் கூடாது என்று கூகுள் வகுத்தும், எல்லாத் தளங்களும் அதைக் கவனிக்கவில்லை. இதனால், கணினிக்கான பக்கத்தைக் கேட்டுப் பெறும் கட்டளை ஓர் உலாவியில் உண்டா, அதைத் தளத்துக்குத் தளம் நினைவில் வைக்குமா என்பது பலகைக் கணினி வைத்திருப்போர் உலாவியைத் தேர்வதில் ஓர் அளவுகோலாயிற்று. 2019 இல் வந்த ஐபேடு இயங்குதளமான ஐபேடு ஓஎஸ் 13 இச்சிக்கலைப் பழைய வழியிலேயே தீர்த்தது; அதன் சஃபாரி தன்னை மேக் கணினி என்றே சொல்லத் தொடங்கியது.

தமிழ் வாசகர்க்கு வேறோர் அளவுகோலும் இருந்தது. ‘கொ’ என்ற எழுத்தில் மெய்க்கு முன்னும் பின்னும் குறிகள் வருவதைப் போல, தமிழ் எழுத்துகளைக் குறியீட்டு வரிசையிலிருந்து கண்ணுக்குரிய வரிசைக்கு மாற்றி அடுக்க வேண்டும். எழுத்துருவும் கருவியில் இருக்க வேண்டும். இவை இல்லாத கருவிகளில் தமிழ்ப் பக்கம் வெறும் கட்டங்களாகத் தோன்றியது. 2006 இல் உலகெங்கும் வெளியான ஓபரா மினி, பக்கத்தைத் தன் வழங்கியிலேயே வரைந்து சுருக்கி அனுப்பும் உலாவியாகும். அதன் அமைப்புப் பக்கத்தில் மறைந்திருந்த ஒரு தெரிவை இயக்கினால், சிக்கலான எழுத்துகளை வழங்கியே படமாக மாற்றி அனுப்பியது. கருவிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் தமிழ் படிக்க முடிந்த இந்த வழி, 2011 இறுதியில் ஆண்ட்ராய்டு 4.0 தமிழ் எழுத்துருவோடு வந்தபின் தேவையற்றுப் போனது. இதே ஓபரா மினியை, பொறி கருவிக்குள் ஓடவில்லை என்ற காரணத்தால், வெப்கிட் விதியை மீறாததாகக் கொண்டு 2010 ஏப்ரலில் ஆப்பிளும் தன் கடையில் அனுமதித்தது.

அரசுகளின் கை மீண்டும் நீண்டது 2018 இல். ஆண்ட்ராய்டு கருவிகளில் தன் தேடுபொறியையும் குரோமையும் முன்கூட்டியே நிறுவும்படி தயாரிப்பாளர்களைக் கட்டுப்படுத்தியதற்காக, ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2022 இல் நீதிமன்றம் அதை 412.5 கோடியாகக் குறைத்தது. அதே 2022 இல் இந்தியப் போட்டி ஆணையமும், குரோம் உள்ளிட்ட செயலித் தொகுப்பை மொத்தமாக முன்நிறுவச் செய்தது முதலான காரணங்களுக்காகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. ஆப்பிளோ 2020 வரை, ஓர் இணைப்பைத் தொட்டால் சஃபாரியே திறக்கும் என்ற நிலையைக்கூட மாற்ற விடவில்லை. ஐரோப்பாவின் எண்ணியல் சந்தைச் சட்டத்தின் கீழ் 2023 இல் விசாரணை வந்தபோது, கைபேசியில் ஓடும் சஃபாரியும் பலகையில் ஓடுவதும் கணினியில் ஓடுவதும் மூன்று தனித்தனி உலாவிகள் என்று அந்நிறுவனம் வாதிட்டது. ஐரோப்பிய ஆணையம் சஃபாரியை ஒன்றென்றே தீர்மானித்தாலும், பலகையின் இயங்குதளத்தை அச்சட்டத்துக்கு உட்பட்டவற்றின் பட்டியலில் அப்போது சேர்க்கவில்லை. ஆகவே 2024 மார்ச்சில் ஐபோனுக்கு உலாவித் தேர்வுத் திரையும் பிற பொறிகளுக்கான அனுமதியும் ஐரோப்பாவில் கிடைத்தபோது, ஐபேடு வெளியே நின்றது. ஏப்ரலில் அது பட்டியலில் சேர்க்கப்பட்டு, செப்டம்பரில் வந்த ஐபேடு ஓஎஸ் 18 இலேயே அவ்வுரிமைகள் அதற்கு வந்து சேர்ந்தன.

விண்டோஸ் கணினிக்கு 2010 இல் வந்த தேர்வுத் திரை ஐபேடை எட்டப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் திரையில் இடம்பெறும் பெயர்கள் குறையவில்லை. ஆனால் 2010 இன் திரையில் தத்தம் பொறி கொண்ட உலாவிகளை நிறுத்திய மைக்ரோசாப்டும் ஓபராவும் அப்பொறிகளை விட்டுவிட்டன. பரவலாகப் புழங்கும் உலாவிகளுக்கு எஞ்சியவை வெப்கிட், பிளிங்க், மொசில்லாவின் கெக்கோ என்னும் மூன்றே பொறிகள். அவற்றுள்ளும் பிளிங்க் வெப்கிட்டின் கிளை. பட்டியலை யார் எழுதுவது என்பதைச் சட்டம் மாற்றியது; பட்டியலிலுள்ள பெயர்களுக்கு அடியில் எத்தனை பொறிகள் ஓடுகின்றன என்பது அதற்கு முன்பே முடிவாகிவிட்டிருந்தது.