பத்தடி வளையம்

எங்கள் காலத்தில் மதுரையில் நம் கல்லூரிக் கூடைப்பந்துத் தளத்தில் மாலையானால் பையன்கள் கூட்டம்தான். கூடப் படித்த பெண்கள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். “வாங்க, ஆடலாம்” என்று யாரும் கூப்பிடலை, நானுந்தான்.

2017 அக்டோபரில் பெங்களூருவில் 16 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆசியக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. ‘பி’ பிரிவு இறுதியாட்டத்தில் மலேசியாவை வென்று நம் பெண்கள் ‘ஏ’ பிரிவுக்கு ஏறினார்கள். அந்த அணியில் தமிழ்நாட்டுப் புஷ்பா செந்தில்குமாரும் இருந்தார். மூன்று மாதம் முன்பு, ஜூலையில், அதே ஊரில் மூத்த பெண்கள் அணியும் ஆசியக் கோப்பையில் இதேபோல் ஏறியிருந்தது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் வளையத்தின் உயரம் அதே பத்தடி. பந்துதான் கொஞ்சம் சின்னது. இன்ஜினியராக அளந்து சொல்கிறேன்: குறைந்தது உயரமில்லை, நம்ம அழைப்புதான். தம்பிகளே, கூப்பிடுங்கள். தங்கைகளே, கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீங்க.