வேலியோரத்து ஊமத்தை

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையிலான கரையோரத்தில், வேலியடியிலும் குப்பைமேட்டிலும் குழல்போன்ற வெண்பூவும் முட்காயும் தாங்கி நிற்கும் ஒரு செடியை நாம் அன்றாடம் கடந்து போகின்றோம். அதை எவரும் நட்டதில்லை, ஆடுமாடுகளும் நாடுவதில்லை. ஊமத்தை என்ற அதன் பெயரை, பித்தெனப் பொருள்படும் 'உன்மத்தம்' என்ற வடசொல்லோடு தொடர்புபடுத்துவர். செடி செய்யும் வேலையைப் பெயரே சொல்லிவிடுகின்றது.

1753இல் லின்னேயஸ் இதற்கு இட்ட இலத்தீன் பெயர் 'டத்தூரா மெட்டல்'. முதற்சொல் இந்திய நாட்டுத் 'தத்தூர'. மற்றது அரபு மருத்துவர்கள் வழங்கிய 'ஜவ்ஸ் மாதில்'. பதினோராம் நூற்றாண்டிலேயே இப்னு சீனா இதன் மயக்கும் தன்மையை எழுதிவைத்தார். தேவாரத்திலோ இது சிவனின் சடைப்பூ. சித்த வைத்தியரும் யூனானி ஹக்கீம்களும் ஒருசேர அறிந்திருந்த இச்செடிக்கு ஐரோப்பா புதிதாக எதையும் கண்டு சொல்லவில்லை. பெயரைக்கூட நம்மவரிடமே பெற்றுக்கொண்டது.

பெற்றது பெயர் மட்டுமன்று. சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், ஊமத்தையைப் புகைத்தால் இரைப்பு தணியும் என்பதை இந்நாட்டு வழக்கத்திலிருந்து அறிந்தார். 1802இல் ஜெனரல் ஜென்ட் அவ்வறிவை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பின்னர் அது தகரப்பெட்டியில் அடைத்த 'ஆஸ்துமா சிகரெட்' ஆகி உலகச் சந்தையில் விலைபோயிற்று. ஆண்டர்சனின் பெயர் மருத்துவ வரலாற்றில் நிற்கின்றது. அவருக்கு வழிகாட்டிய வைத்தியன் யாரோ! இன்று இரைப்பு நோயாளர் உறிஞ்சும் இப்ராட்ரோப்பியம் என்ற மருந்தும், ஊமத்தையில் உள்ள அட்ரோப்பீன் என்ற நஞ்சை மாற்றியமைத்துப் பெற்றதே.

செடியின் மறுமுகம் கொடியது. வழிப்போக்கரின் சோற்றில் இதன் விதையைக் கலந்து, அவர் மதிமயங்கிக் கிடக்கையில் கொள்ளையிட்ட கதைகளை, 1856இல் வெளிவந்த நோர்மன் செவர்ஸின் சட்டமருத்துவ நூல் விரிவாகக் கூறுகின்றது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டமும், அதனைப் பின்பற்றி 1883இல் இயற்றப்பெற்ற இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையும், மயக்கப்பொருள் கொடுத்து ஊறு செய்வதைத் தனிக் குற்றமாக்கின. செடியை விட்டுச் செயலைத் தண்டித்தன, அது நியாயமே. ஆனால் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் அபின், கோக்கா, கஞ்சாச் செடிகளைப் பயிரிடுவதற்குத் தடை விதித்தது. ஒரு காலத்தில் உரிமம் கொடுத்து அபின் விற்பித்து வருவாய் பார்த்த ஆட்சிதான் இதைச் செய்தது. வணிகம் இருந்த இடத்திற் சட்டமும் வந்தது. விற்பாரும் வாங்குவாரும் இல்லாத ஊமத்தை வேலியோரத்திலேயே நின்றுவிட்டது.

தடையில்லை என்பதால் தீங்கில்லை என்று எண்ணுவோர் உண்டு. இளைஞர் சிலர் இதனை வேடிக்கையாகவும் எண்ணுகின்றனர். ஊமத்தை தருவது களிப்பன்று. வாய் வறண்டு, கண்மணி விரிந்து, உடல் அனலாகும். இல்லாத மனிதரோடு பேச்சு நிகழும். இருக்கும் தாயை அடையாளம் தெரியாது. ஒருநாள், இருநாள் இந்நிலை நீடிப்பதுண்டு. சிலருக்கு வலிப்பும் மரணமும் நேர்கின்றன. செடிக்குச் செடி, காய்க்குக் காய் நஞ்சின் அளவு வேறுபடுவதால், பாதுகாப்பான அளவு என ஒன்றை எவராலும் சொல்ல இயலாது. நாய்க்கடிக்கு இதைக் கொடுக்கும் பழக்கமும் பல ஊர்களில் இருந்தது. விசர்நாய்க்கடிக்குத் தடுப்பூசியன்றி வேறு காப்பில்லை.

பரிசாரியாரிடம் முழு அறிவு இருந்தது. சுத்தி செய்யும் முறையும் கொடுக்கலாகாத ஆளும் அவருக்குத் தெரியும். அவர் போனபின் ஊரில் எஞ்சியிருப்பது அரையறிவே.

காயைத் தின்ற பிள்ளையை ஆசுபத்திரிக்குத் தூக்கிவரும் பெற்றோர், பொலிசுக்கும் ஊர்வாய்க்கும் அஞ்சி, வெறும் காய்ச்சல் என்று கூறிவிடலாம். அவர்களிடம் நாம் வேண்டுவது இதுதான்: தின்ற காயின் மிச்சத்தை முந்தானையில் மறைக்காமல், வைத்தியரின் மேசைமேல் வையுங்கள்.