சட்டைப்பைத் துப்பாக்கியின் சரித்திரம்

மனிதன் ஆயுதத்தை இருவகையாகத் தாங்கி வந்திருக்கிறான். ஒன்று, பிறர் காணத் தாங்குவது. மற்றொன்று, பிறர் காணாவண்ணம் தாங்குவது. இடையில் தொங்கும் வாள் எதிரே வருபவனுக்கு ஓர் அறிவிப்பு. மடியில் ஒளிந்த கத்தியோ எவ்வித அறிவிப்பும் செய்வதில்லை. கூடா நட்பைப் பற்றி உரைக்க வந்த வள்ளுவர் வணங்கும் கையையும் ஐயுறச் சொன்னதன் காரணம் இதுவே. கத்தியைக் குறித்து எழுந்த அந்தப் பழைய ஐயம், சென்ற இரு நூற்றாண்டுகளில் கைத்துப்பாக்கியைக் குறித்துப் புதிய வேகத்துடன் எழுந்தது. சட்டைப்பையில் அடங்கும் சிறு துப்பாக்கி எவ்வாறு தோன்றியது, அதனைத் தேர்ந்தவர்கள் எதனை நாடினர், அது சட்டங்களை எவ்வாறு மாற்றியது என்பனவற்றை நாம் இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டிலும் சிறிய கைத்துப்பாக்கிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் மருந்து பற்றி வெடிப்பவை. பையில் கிடந்து புரண்டால் கிண்ணியிலுள்ள மருந்து சிந்திவிடும். ஈரம் பட்டால் நமத்துவிடும். வேண்டிய வேளையில் வெடிக்குமா என்பது எப்போதும் ஐயமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தட்டினால் தீப்பற்றும் மருந்தடைத்த சிறு செப்பு மூடி வழக்கத்திற்கு வந்தது. அதன்பின்னரே நாள் முழுதும் பையில் கிடந்தாலும் பழுதுறாத துப்பாக்கி சாத்தியமாயிற்று.

அதற்கு முன்பே சட்டம் விழித்துக்கொண்டிருந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் கென்டக்கி, லூயிசியானா ஆகிய இரு மாநிலங்களும் 1813-ஆம் ஆண்டிலேயே ஆயுதங்களை மறைத்துச் செல்வதைத் தடை செய்தன. அக்காலத்து மக்களின் மனப்போக்கு நமக்கு இன்று வியப்பளிக்கலாம். துப்பாக்கியை வெளிப்படையாகத் தாங்குபவன் நேர்மையாளன். மறைத்துத் தாங்குபவன் வஞ்சகன் என்பதே பொதுக் கருத்து. கென்டக்கியின் சட்டத்தை 1822-இல் அம்மாநில நீதிமன்றம் செல்லாதென்றது. அம்மக்களோ 1850-இல் தங்கள் அரசியல் சாசனத்தையே மாற்றி, மறைவாக ஆயுதம் தாங்குவதைத் தடுக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றத்திற்கு வழங்கினர். மறைத்தல் என்ற செயலே அவர்களுக்குக் குற்றத்தின் அடையாளமாகத் தோன்றியது. இதனை நினைவில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

பிலடெல்பியா நகரில் ஹென்றி டெரிஞ்சர் என்ற துப்பாக்கிக் கம்மியர் இருந்தார். 1786-இல் பிறந்த அவர், ஜெர்மனியிலிருந்து குடியேறிய துப்பாக்கிக் கம்மியர் ஒருவரின் மகன். ஒரே குண்டு கொள்ளும், உள்ளங்கையில் அடங்கும் துப்பாக்கியைச் செய்வதில் அவர் பெயர்பெற்றார். ஒரு குண்டு போதாதென அஞ்சியவர்கள் அதனை இரட்டையாக வாங்கினார்கள். சரக்கு நன்றாக விற்கவே போலிகள் பெருகின. சிலர் அவர் முத்திரையையே பொறித்து விற்றனர். அவர் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்; தீர்ப்பும் அவர் பக்கமே அமைந்தது. ஆயினும் அதற்குள் அவர் பெயர், ஓர் எழுத்து கூடி, சிறு துப்பாக்கி எல்லாவற்றிற்கும் பொதுப்பெயராகிவிட்டது.

அப்பெயரை உலகறியச் செய்த நிகழ்ச்சி மிகக் கொடியது. 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு, வாஷிங்டனில் போர்டு நாடக அரங்கில் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். நடிகனான ஜான் வில்க்ஸ் பூத் அவருடைய மாடத்தினுள் நுழைந்து பின்புறமிருந்து சுட்டான். அவன் கையிலிருந்த டெரிஞ்சர் துப்பாக்கி ஆறு அங்குல நீளத்திற்கும் குறைவானது. எடை ஏறக்குறைய 230 கிராம். அதிலிருந்தது ஒரே குண்டு. ஆதலின் அவன் உடன் ஒரு கத்தியும் கொண்டுவந்திருந்தான். தடுக்கப் பாய்ந்த மேஜர் ராத்போனை அக்கத்தியாலேயே வெட்டிவிட்டுத் தப்பினான். மறுநாட் காலை லிங்கன் உயிர் நீத்தார். தற்காப்புக்கென்று விற்கப்பட்ட சிறு கருவி, ஒரு நாட்டின் தலைவரைக் காவு கொண்டது.

ஒரே குண்டு என்னும் குறையைப் போக்கப் பலர் முயன்றனர். சாமுவேல் கோல்ட் 1836-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கியே ரிவால்வர். அதன் உருளையில் பல குண்டுகள் அடங்கின. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மருந்தையும் ஈயத்தையும் தனித்தனியே இட்டுக் கெட்டிக்கவேண்டும். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தார் 1857-இல், மருந்தும் குண்டும் ஒரே உலோகக் கூட்டில் அடங்கிய தோட்டாவைப் பயன்படுத்தும் சிறு ரிவால்வரை வெளியிட்டனர். அதில் ஏழு தோட்டாக்கள் இருந்தன. ஆனால் குண்டு மிகச் சிறிது. ரெமிங்டன் நிறுவனம் 1866-இல் மேலும் கீழுமாக இரு குழல்கள் கொண்ட துப்பாக்கியை வெளியிட்டு, 1935 வரை செய்து வந்தது. அதன் குண்டு பெரிது, வேகமோ குறைவு.

இங்கு ஓர் உண்மை நமக்குப் புலனாகிறது. சட்டைப்பைத் துப்பாக்கியைத் தேர்பவன் மூன்று பண்புகளை நாடுகிறான்: உருவில் சிறுமை, அடியில் வலிமை, வேளை வந்தபோது தவறாமை. இம்மூன்றும் ஒருங்கே வாய்ப்பது அரிது. குழலைக் குறுக்கினால் குண்டின் வேகம் குறையும். குறி பார்க்கும் முனைகள் நெருங்குவதால் இலக்கும் பிசகும். எடையைக் குறைத்தால் சுடும்போது கை அதிகமாக உதறும். பிடியைச் சுருக்கினால் விரல்கள் முழுதும் பற்ற இடமிராது. சுருங்கச் சொன்னால், சுமப்பதற்கு எளிய துப்பாக்கி சுடுவதற்கு அரியது. பையினின்று எடுக்கும்போது துணியில் மாட்டிக்கொள்ளும் சுத்தியலும் ஒரு தொல்லை. 1887-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தார் சுத்தியலை உடலுக்குள்ளேயே மறைத்து, பிடியை அழுத்தினாலன்றி வெடிக்காத ரிவால்வரைச் செய்தது அத்தொல்லையை நீக்கவே.

இத்துறையில் பெரிய திருப்பத்தை உண்டாக்கியவர் ஜான் பிரௌனிங். 1855-இல் அமெரிக்காவின் யூட்டா பகுதியில் ஆக்டன் என்னும் ஊரில் பிறந்த அவர், பெல்ஜியத்தில் லீஜ் நகருக்கு அருகிலுள்ள தொழிற்சாலை ஒன்றுக்குத் தம் வடிவமைப்புகளை அளித்தார். சுட்டவுடன் வெற்றுக் கூட்டைத் தானே வெளியேற்றி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அவருடைய கைத்துப்பாக்கி 1900-ஆம் ஆண்டை ஒட்டிச் சந்தைக்கு வந்தது. உருளை இல்லாமையால் அது தட்டையாக இருந்தது. சட்டைக்குள் புடைத்துத் தெரியவில்லை. 1906-இல் வந்த அதன் இளவல் நாலரை அங்குல நீளமே. எடை ஏறக்குறைய 350 கிராம். உள்சட்டையின் பையில் அது அடங்கிவிட்டது.

பிரௌனிங் துப்பாக்கியின் சரித்திரம் நம் நாட்டுச் சரித்திரத்துடன் கலப்பது இவ்விடத்திலேதான். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாகாது. ஐரோப்பியருக்கோ அக்கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு இருந்தது. தன் நாட்டிலேயே ஆயுதம் தாங்கத் தகுதியற்றவனாக்கப்பட்டது இந்தியனுக்கு ஆறாத புண்ணாயிற்று. வெளிப்படையாக வாங்க இயலாத அந்நிலையில், எளிதிற் கடத்தக்கூடிய சிறு துப்பாக்கியைப் புரட்சியாளர் நாடியதில் வியப்பில்லை. 1909-இல் இலண்டனிலிருந்து 20 பிரௌனிங் துப்பாக்கிகள் ஒரு பெட்டியின் பொய்த்தட்டில் மறைந்து பம்பாய் வந்தடைந்தன. அவ்வாண்டு டிசம்பர் 21-இல், நாசிக் நகரின் அரங்கொன்றில் மராத்தி நாடகம் காண வந்த கலெக்டர் ஜாக்சனை அனந்த கன்ஹரே என்ற இளைஞர் சுட்டுக் கொன்றார். 1911 ஜூன் 17-இல் மணியாச்சி இரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் கையிலிருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்கே. அதே துப்பாக்கியால் அவர் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். மூன்றாண்டுகள் கழித்து, 1914 ஜூன் 28-இல் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் வீழ்த்தி, உலகப் போருக்குத் தீ மூட்டியதும் அதே தொழிற்சாலையின் மற்றொரு படைப்பு.

மணியாச்சி நிகழ்ச்சி நடந்த அதே 1911-இல் நியூயார்க் மாநிலம் புகழ்பெற்ற சல்லிவன் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டு ஜனவரியில் நாவலாசிரியர் டேவிட் கிரகாம் பிலிப்ஸ் நகரத் தெருவிலேயே சுடப்பட்டு இறந்தது மக்களைக் கலக்கியிருந்தது. மறைக்கத்தக்க துப்பாக்கியை வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்றது அச்சட்டம். அதனை உடன் எடுத்துச் செல்லத் தக்க காரணம் காட்டவேண்டும் என்ற நிபந்தனை 1913-இல் சேர்ந்தது. அந்நிபந்தனை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்து, 2022-இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தால் நீக்கப்பட்டது.

இதனினும் வியப்பானது டெக்ஸாஸ் மாநிலத்தின் கதை. 1871-இல் அம்மாநிலம் கைத்துப்பாக்கியுடன் நடமாடுவதைப் பொதுவாகத் தடை செய்தது. 1995-இல் இயற்றிய சட்டத்தினால், உரிமம் பெற்றவர் மறைத்து எடுத்துச் செல்லலாம் என்றாயிற்று. வெளிப்படையாகத் தாங்குவதற்கோ 2016 வரை தடை நீடித்தது. 2021-இல் தகுதியுடையோருக்கு உரிமமே வேண்டாம் என்றாயிற்று. 1813-இல் மறைத்துச் செல்பவன் வஞ்சகன். 1995-இல் மறைத்துச் செல்பவன் நற்குடிமகன், வெளியே காட்டுபவனே மக்களை அச்சுறுத்துபவன். கருவி அதுவே, மனிதர் மதிப்பு தலைகீழாக மாறிவிட்டது. இன்று அமெரிக்க மாநிலங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் உரிமமின்றியே மறைத்துச் செல்லலாம்.

இதற்கிடையே காவல்துறையினரும் சிறு துப்பாக்கியை நாடலாயினர். சீருடையின்றி உலவும் துப்பறிவாளருக்கென்றே கோல்ட் நிறுவனம் 1927-இல் இரண்டு அங்குலக் குழல் கொண்ட ரிவால்வரை வெளியிட்டது. ஜெர்மனியின் வால்டர் நிறுவனமும் சில ஆண்டுகளில் தன் காவல்துறைத் துப்பாக்கியைக் குறுக்கி, மறைத்துச் செல்லத்தக்க வடிவில் தந்தது. பின்னர் எஃகுக்குப் பதில் இலேசான கலப்புலோகமும், அதன்பின் பிளாஸ்டிக் உடலும் வந்தன. 2018-இல் வெளியான சிக் சவர் நிறுவனத்தின் துப்பாக்கி ஒன்று, முன்பு ஆறேழு தோட்டாக்கள் அடங்கிய உருவில் பத்தை அடக்கிவிட்டது. டெரிஞ்சர் காலத்து வாடிக்கையாளர் கண்ட கனவு ஏறக்குறைய நிறைவேறிவிட்டது எனலாம்.

சுதந்திர இந்தியா 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 1959-இல் புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றியது. இனவேற்றுமை ஒழிந்தது, உரிமம் என்னும் கட்டுப்பாடு அனைவருக்கும் பொதுவாயிற்று. 2012-இல் டெல்லியில் ஒரு மாணவி கொடுமைக்குள்ளாகி உயிரிழந்த பின், பெண்களின் பாதுகாப்பைப் பற்றிய கவலை நாடெங்கும் எழுந்தது. 2014-இல் கான்பூரிலுள்ள அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்னும் சிறு ரிவால்வரை வெளியிட்டது. அச்சமற்றவர் என்பது அப்பெயரின் பொருள். எடை 500 கிராம். பெண்களின் கைப்பையில் அடங்கும் என்று கூறப்பட்டது. விலையோ ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். பேருந்தில் வீடு திரும்பும் உழைக்கும் பெண்ணுக்கு அது எட்டாக்கனி என்பதை அன்றே பலர் சுட்டிக்காட்டினர்.

விலையைக் காட்டிலும் ஆழமான கேள்வி ஒன்று உண்டு. தற்காப்புக்கென வாங்குபவரும் கொலைக்கென வாங்குபவரும் கடையில் தேடும் பண்புகள் ஒன்றே: சிறுமை, வலிமை, தவறாமை. ஆனால் வேளையைத் தேர்பவன் தாக்குபவனே. அவன் துப்பாக்கியைக் கையில் ஏந்திய பின்னரே தாக்கப்படுபவர் தம் பையைத் துழாவவேண்டும். நாம் மேலே கண்ட நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்ப்போம். வாஷிங்டன், நாசிக், மணியாச்சி, சரயேவோ ஆகிய எவ்விடத்திலும் சுட்டவர் சில அடித் தொலைவு வரை ஐயமின்றி நெருங்க முடிந்தது. மறைவு தந்த நன்மை முழுதும் அவர்களுக்கே சென்றது. காக்கவே கூடாதென்பதன்று நம் கருத்து. சிறு துப்பாக்கி காத்த உயிர்களும் உண்டு. ஆயினும் மறைவின் பயன் இரு தரப்பினருக்கும் சமமாகக் கிட்டுவதில்லை என்பதே சரித்திரம் காட்டும் பாடம்.

இப்பாடத்தை நாம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றோம். 1948 ஜனவரி 20-இல் டெல்லி பிர்லா மாளிகையின் பிரார்த்தனைக் கூட்டத்தில் வெடிகுண்டு ஒன்று வெடித்தது. அதன்பின், கூட்டத்திற்கு வருவோரைச் சோதிக்கக் காவல்துறையினர் அனுமதி வேண்டினர். வழிபட வருவோரைச் சோதிப்பதற்குக் காந்தியடிகள் இசையவில்லை. பத்து நாட்கள் கழித்து, ஜனவரி 30-ஆம் நாள் மாலை, வணங்க வருபவனைப் போல ஒருவன் முன்வந்தான். இத்தாலியில் செய்த, ஒரு சாண் நீளமும் இல்லாத பெரெட்டா துப்பாக்கி அவனிடம் மறைந்திருந்தது. மூன்று குண்டுகள் வெடித்தன.

அன்று அக்கூட்டத்திற்கு வந்தவருள் எவர் பையில் என்ன இருந்தது என்பதை எவரும் துழாவிப் பார்க்கவில்லை. பல நூறு பேர் ஒருவரையொருவர் சோதிக்காமல் அருகருகே அமர்ந்திருந்தனர். சட்டைப்பைத் துப்பாக்கியைப் பற்றிச் சட்டம் செய்வோர் எந்நாட்டிலும் எடைபோடவேண்டியது துப்பாக்கியின் எடையை அன்று. அவ்வாறு அருகருகே அமரும் உரிமையின் எடையையே ஆகும்.