ஒலுவில் துறையும் ஊருக்கு வராத வண்டியும்



கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவழியில் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களைக் கடந்தால் ஒலுவில் தோன்றும். 1999-ஆம் ஆண்டில் எழுந்த கலங்கரை விளக்கம் அங்கே நிற்கின்றது. அதனருகே கடலுக்குள் நீண்ட இரு கல்லணைகளும் அவற்றிடையே ஒரு துறைமுகமும் உள்ளன. இத்துறைமுகத்தின் வரலாற்றோடு, இக்காலத்து மோட்டார் வண்டிகளுள் ஒன்றான பிளக்-இன் ஹைபிரிட்டின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல எண்ணுகிறேன். இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவக்கூடும். உலகில் உள்ள ஒரு பொருள் ஒரு குறிப்பிட்ட ஊருக்கு வந்து சேருமா என்பதே இரண்டுக்கும் பொதுவான வினா.

கண்டி அரசர் காலத்தில் இக்கரையோரத்து முஸ்லிம் வணிகர் பொதிமாடுகளை நிரையாக நடத்திச் சென்றனர். தவளம் என்பது அதற்குப் பெயர். உப்பும் கருவாடும் துணியும் மலைநாட்டுக்கு ஏறின; பாக்கு முதலியன கீழே இறங்கின. அக்காலத்தில் இக்கரை பொருள் புறப்படும் வாயிலாக இருந்தது. பின்னர்க் கொழும்புத் துறைமுகம் பெருகியபோது நிலை மாறிற்று. புகையிரதப் பாதை மட்டக்களப்போடு நின்றுவிட்டது. கல்முனைக்கு அது இன்றுவரை வந்ததில்லை. 1949-இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் வயல்களைப் பெருக்கியது, நெல் பெருகிற்று. ஆனால் நெல்லை விற்ற பணத்தில் வாங்கும் இயந்திரம் எதுவாயினும், முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கொழும்பிலிருந்தே வரவேண்டியதாயிற்று.

இக்குறையை நீக்க வேண்டுமென்று முயன்றவர்களுள் முதன்மையானவர் காலஞ்சென்ற எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள். 1994-இல் கப்பற்றுறை, துறைமுக அமைச்சரான அவர் ஒலுவிலில் துறைமுகம் அமைய வேண்டுமென்று உழைத்தார். 2000-ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறைந்தார். வேலை பல்லாண்டுகள் தாழ்ந்து, டென்மார்க் நாட்டுக் கடனுதவியுடன் 2008-இல் தொடங்கி, 2013-இல் துறைமுகம் திறக்கப்பட்டது.

ஆனால் கடல் தன் வழக்கத்தை விடவில்லை. இக்கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. கல்லணைகள் அதனைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே மணல் வராமையால் கரை அரிக்கப்பட்டது. தென்னந்தோப்புகளும் காணிகளும் கடலுட் சென்றன. துறைமுக வாயிலிலோ மணல் படிந்து படகுகளுக்கும் வழியில்லாது போயிற்று. வாயிலைத் தோண்டினால் மீனவர் மகிழ்ந்தனர். தோண்டாதே, கரை போகிறதென்று காணிக்காரர் முறையிட்டனர். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்பதே இதில் வருத்தத்திற்குரியது.

இனி வண்டியின் கதைக்கு வருவோம். எண்ணெயும் மின்சாரமும் ஒருங்கே இயக்கும் வண்டி புதிதன்று. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே பேர்டினண்ட் போர்ஷ் என்பார் அத்தகைய வண்டியைச் செய்து காட்டினார். எனினும் பெருந்தொகையாக அதை உற்பத்தி செய்து விற்றது யப்பானின் டொயோட்டா நிறுவனமே. 1997 டிசெம்பரில் பிரியஸ் வெளிவந்தது. அவ்வண்டி தன் மின்கலத்தைத் தானே ஊட்டிக்கொள்ளும். பிளக்-இன் வகையோ அதனினும் ஒரு படி மேலானது. வீட்டுச் சுவரிலுள்ள மின்செருகியிலேயே அதற்கு மின்னூட்டலாம். சில பத்துக் கிலோமீட்டர்கள் மின்சாரத்தால் மட்டும் ஓடும். அது தீர்ந்தபின் பெற்றோல் ஏற்றுக்கொள்ளும். சீனத்தின் பி.வை.டி. நிறுவனம் 2008-இலும், அமெரிக்காவின் ஷெவ்ரோலே 2010-இலும், டொயோட்டா 2012-இலும் இவ்வகையை விற்பனைக்குக் கொணர்ந்தன.

விற்பனைக்கு வந்தது என்றால் எவர்க்கும் கிடைத்தது என்று பொருளன்று. அமெரிக்காவில் ஷெவ்ரோலே வோல்ட் முதலில் கலிபோர்னியா, நியூயோர்க், மிச்சிகன் போன்ற சில மாநிலங்களிலேயே விற்கப்பட்டது. பிளக்-இன் பிரியஸ் 15 மாநிலங்களோடு தொடங்கிற்று. ஏனைய மாநிலத்தார் விளம்பரத்தைப் பார்க்கலாம். அயலிலுள்ள கடையில் வாங்கவியலாது. வோல்ட் விற்க விரும்புவோர் தனிக் கருவிகளை வாங்கிப் பணியாளரைப் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. விற்பது சிலவே, செலவோ பெரிது என்று கணக்கிட்டு ஒதுங்கிக்கொண்ட விற்பனையாளரும் உண்டு. உற்பத்தி செய்த நாட்டிலேயே இந்நிலையென்றால் ஒலுவிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இலங்கைக்கு ஹைபிரிட் வந்த வழி வேறு. யப்பானில் வண்டி பழகப் பழக அரசாங்கச் சோதனைக்கு ஆகும் செலவு கூடும். அதனால் சில ஆண்டே ஓடிய நல்ல வண்டிகள் அங்கே ஏலத்திற்கு வரும். நம் நாட்டுத் தனியார் இறக்குமதியாளர் அவற்றை எடுத்து 'ரீகண்டிஷன்' வண்டிகளென விற்றனர். தீர்வைச் சலுகை கிடைத்த காலங்களில் பிரியஸ், அக்குவா, வெசல் முதலியன நாடெங்கும் பெருகின. 2012 முதல் வண்டி ஏற்றிவரும் கப்பல்கள் அம்பாந்தோட்டைத் துறைமுகத்திற்குத் திருப்பப்பட்டன. அத்தகைய கப்பல் ஏறத்தாழ 200 மீட்டர் நீளமுடையது. எனவே மணல் மூடாதிருந்தாலும் ஒலுவிலின் சிறு துறைக்குள் அது வந்திருக்கப் போவதில்லை. இதனை ஒப்புக்கொள்வதே நேர்மை. ஒலுவில் கரையோரக் கப்பல்களுக்கென அமைந்த துறை. பெருங்கப்பலைச் சிறு கப்பலோடு இணைக்கும் ஒழுங்கு இருந்திருந்தால் அது பயன்பட்டிருக்கும். அவ்வொழுங்கு ஏற்படவில்லை.

பிளக்-இன் வகை ஏன் அவ்வளவாகப் பெருகவில்லை? யப்பானிலேயே அது விற்பனையின் சிறு பங்கு. ஆகவே ஏலத்திற்கு வருவதும் சிறிதே. பழுது பார்ப்பதில் உள்ள வேற்றுமை இன்னும் பெரிது. பழைய பிரியஸின் மின்கலப் பெட்டியில் 28 பகுதிகள் உண்டு. பழுதான ஒன்றிரண்டைக் கழற்றி மாற்ற நம் ஊர்ப் பாஸ்மார் கற்றுக்கொண்டனர். முகவரிடம் போகாமலே வண்டி ஓடிற்று. அந்தக் கைத்திறனே ஹைபிரிட்டைக் கொழும்புக்கு அப்பாலும் பரப்பியது என்பது என் கருத்து. பிளக்-இன் வண்டியிலோ பெரிய லிதியம் மின்கலமும், மின்னூட்டும் கருவியும், அவற்றை ஆளும் மென்பொருளும் உள்ளன. இவற்றின் நோயறிய உற்பத்தியாளரின் கணினிக் கருவி வேண்டும். அது முகவரிடத்தில் இருக்கும்; முகவர் தலைமை நிலையமோ கொழும்பில் இருக்கும்.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி முடையால் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022-இல் எரிபொருள் வரிசை வந்தபோதுதான் இவ்வகை வண்டியின் அருமை பலருக்கு விளங்கியது. அவ்வாண்டு ஜூலையில் தேசிய எரிபொருள் அட்டை தோன்றிற்று. தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர் மட்டுமே. ஒலுவிலிலிருந்து கல்முனைக்கு 20 கிலோமீட்டரும் இல்லை. வீட்டில் மின்னூட்டிய வண்டி ஒரு சொட்டுப் பெற்றோலும் இன்றிப் போய்த் திரும்பும். ஆனால் அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததையும் மறக்கலாகாது. செருகி இருந்தது, அதில் மின்சாரம் இல்லை.

அவ்வாண்டின் பிற்பகுதியில் அரசாங்கம் ஒரு சலுகை அறிவித்தது. வெளிநாட்டில் உழைப்போர், வங்கி வழியாக அனுப்பும் பணத்திற்கேற்ப வண்டி கொண்டுவர அனுமதி பெறலாம் என்பது அது. வளைகுடா நாடுகளில் உழைப்போர் பலரைக் கொண்ட இக்கரையோரத்திற்கு அது நல்ல செய்திதான். ஆயினும் முற்றும் மின்சாரத்தால் ஓடும் வண்டிகளுக்கே அவ்வனுமதி. பிளக்-இன் ஹைபிரிட் அதனுள் அடங்கவில்லை. நீண்ட வழியில் மின்னூட்டும் நிலையங்கள் அரிதாயிருந்த கிழக்கு மாகாணத்திற்கு, எண்ணெயும் ஏற்கும் வண்டியே பொருந்தியிருக்கும். சட்டம் வரைந்தோர் அதனை எண்ணினார்களோ இல்லையோ!

2024-இல் ஜான் கீல்ஸ் குழுமம் பி.வை.டி. வண்டிகளை விற்க முன்வந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வண்டிகளுக்கு இறக்குமதிக் கதவு மீண்டும் திறந்தது. தீர்வை மிகக் கடுமை. கல்முனையில் மோட்டார் சைக்கிள் வாங்க இரு தெரு தாண்டினாற் போதும். புதுவகைக் கார் பார்க்க விரும்புபவர் இரவு பஸ் ஏறிக் காலையில் கொழும்பில் இறங்குகிறார். விலையைக் கேட்குமுன் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இது நின்றுபோனால் எங்கள் பக்கத்தில் யார் பார்ப்பார்?" விற்பவர் நயமாகப் பேசுகிறார், தொலைபேசி எண் தருகிறார். வாங்க வந்தவர் அவ்வெண்ணை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஊரிலுள்ள பாஸிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் புறப்படுகிறார்.