ஹீலியமும் தென்னாட்டு மணலும்

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில் உஷ்ணம் 500 டிகிரியைத் தாண்டும்போது, தூய வெள்ளைக் களிமண் தன் எடையில் ஏறத்தாழ 14 சதவீதத்தை நீராவியாக வெளியேற்றிவிடுகிறது என்பது பீங்கான் தொழில் பயின்றோர் அறிந்த செய்தி. திடமான மண்ணுக்குள் ஒளிந்துகிடந்த ஒரு பொருள் தீயினால் விடுதலை பெறும் இந்நிகழ்ச்சியே ஹீலியத்தின் சரித்திரத்திலும் பெரும் பங்கு கொண்டது. ஆனால் நீர் களிமண்ணோடு ரஸாயன முறையில் பிணைந்திருப்பது. ஹீலியமோ எதனோடும் சேராத மந்த வாயு ஆதலின், தான் பிறந்த மணலுக்குள் வெறுமனே சிறைப்பட்டுக் கிடக்கிறது.

இவ்வாயுவை நம் தேசத்தோடு இணைத்துப் பேசுவோர் 1868 ஆகஸ்ட் 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரஹணத்தையே எடுத்துக்கூறுவர். அன்று சென்னை மாகாணத்தின் குண்டூரில் பிரெஞ்சு வானியலார் ஜான்ஸனும், மசூலிப்பட்டணத்தில் சென்னை வானிலையத்தின் தலைவர் போக்ஸனும் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தனர். குண்டூரில் ஜான்ஸன் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார் என்று பரவலாக எழுதப்படுவது முற்றிலும் பொருந்தாது. கிரஹணமில்லாத நாளிலும் சூரியனின் விளிம்பிலெழும் பிழம்புகளைக் காண்பதற்குரிய வழியே அவர் அங்கே பெற்ற பேறு. மஞ்சள் கோடு ஒன்று சோடியத்துக்குரிய இடத்திலோ அதன் அருகிலோ தோன்றுவதாகக் குறித்தவர் போக்ஸன். அக்குறிப்புக்கு அக்காலத்தில் உரிய கவனம் கிட்டாமற் போனது வருந்தத்தக்கது. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்யர் அக்கோடு சோடியத்துடையதன்று என்று நிறுவி, பின்னர் புதிய மூலகம் ஒன்று சூரியனில் உண்டென்று துணிந்தார்.

பூமியில் அதனைக் கைப்பற்றும் பாக்கியம் 1895-இல், யுரேனியம் கலந்த கிளீவைட் என்னும் தாதுவை அமிலத்திலிட்ட ராம்சேக்கு வாய்த்தது. அவருடன் உழைத்து 1898-இல் நியான், கிரிப்டான், ஸெனான் ஆகிய மூன்றையும் கண்டறிந்த டிராவர்ஸே பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இயக்குநராக வந்தார் என்பதை நம்மவர் பலர் நினைவிற் கொள்வதில்லை.

தாதுவுக்குள் ஹீலியம் புகுந்தது எவ்வாறு? தோரியம் அணு ஒன்று படிப்படியாகச் சிதைந்து ஈயமாக முடியும்வரை ஆறு ஆல்பா துகள்களை உமிழ்கிறது. அத்துகள் ஒவ்வொன்றும் எலக்ட்ரான்களைப் பற்றிக்கொண்டு ஹீலியம் அணுவாகிறது. ஆகவே தோரியம் செறிந்த மோனஸைட் மணல், கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிரம்பிவரும் ஹீலியக் களஞ்சியம். 1908 ஜூலை 10-ஆம் நாள் லைடனில் ஹீலியத்தை முதன்முதல் திரவமாக்கிய காமர்லிங் ஓன்னஸ், அதற்கு வேண்டிய வாயுவை அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து தருவித்த மோனஸைட்டைச் சூடேற்றியே பெற்றார்.

அதற்கடுத்த ஆண்டிலேதான், திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்த ஷோம்பர்க் என்னும் ரஸாயனர், மணவாளக்குறிச்சிக் கரையில் மோனஸைட் உண்டென்று கண்டார். அந்தத் தாதுவில் தோரியம் ஆக்ஸைடு 8 முதல் 10 சதவீதம் வரை உளது. வட கரோலினா மணலைவிட வளமுடையது. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழகத்திற்கு வந்து சேர்ந்த இக்கரை, கிரஹணத்தன்று குண்டூர் வானம் பெற்ற புகழில் ஒரு பங்கேனும் பெற்றிருக்கவேண்டும் என்பதே என் கருத்து.

எனினும் இம்மணலிலிருந்து ஹீலியத்தை வர்த்தக அளவில் எடுப்பது எளிதன்று. ஒரு கிராம் மோனஸைட் தருவது ஏறத்தாழ ஒரு கன சென்டிமீட்டர் வாயுவே. ஒரு கன மீட்டருக்கு ஒரு டன் மணலை உலையிலிட வேண்டும். 1905-இல் அமெரிக்காவின் கான்ஸஸ் மாகாணத்து இயற்கை வாயுவில் ஏறத்தாழ 2 சதவீத ஹீலியம் இருப்பது தெரிந்தபின், உலகம் அவ்வழியே சென்றது. நம் ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தச் சுருளை மைனஸ் 269 டிகிரியில் குளிர்வித்து வைக்கும் திரவ ஹீலியம் இன்றும் பெரும்பாலும் கப்பலேறியே வருகிறது.