பந்தயக் காரின் பேட்டரி: எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது?

2014 நவம்பர் 22, சனிக்கிழமை. புத்ராஜெயாவில் சாலைகளை அடைத்து ஒரு கார் பந்தயம் நடந்தது. அன்றைக்கு நீங்கள் அங்கே இருந்திருந்தால் ரெண்டு விஷயம் மறந்திருக்காது. ஒன்று, காதைப் பிளக்கும் இன்ஜின் சத்தம் இல்லை. இன்னொன்று, பாதிப் பந்தயத்தில் ஓட்டுநர்கள் காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தி, அவசர அவசரமாக இறங்கி, பக்கத்தில் தயாராக நின்ற இன்னொரு காரில் ஏறிப் போனார்கள்.

கார் பழுதாகவில்லை. சார்ஜ் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அது ஃபார்முலா ஈ மின்சாரக் கார் பந்தயத் தொடரின் இரண்டாவது பந்தயம். முதலாவது அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் பெய்ஜிங்கில் நடந்திருந்தது. புத்ராஜெயாவில் பிரிட்டனின் சேம் பேர்ட் வென்றார். சென்னையில் பிறந்த கருண் சந்தோக்கும் மஹிந்திரா அணிக்காக அந்தப் பருவத்தில் ஓட்டினார். 2015-இல் இன்னொரு முறை வந்த தொடர், அதன்பின் புத்ராஜெயாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஃபோன்ல சார்ஜ் இல்லன்னு புது ஃபோன் எடுக்கிற மாதிரி" என்று கிண்டல் செய்யத் தோன்றும். ஆனால் அதே தொடரின் கார்கள் இன்று ஃபார்முலா 1 கார்களைவிட வேகமாகக் கிளம்புகின்றன. இடையில் பேட்டரிக்கு என்ன நடந்தது?

எவ்வளவு மின்சாரம் பிடிக்கும்?

முதல் தலைமுறைக் காரின் பேட்டரியில் ஓட்டுநர் பயன்படுத்த முடிந்தது 28 கிலோவாட்மணி. இன்றைய சிறிய மின்சாரக் கார்கள் பலவற்றில் இருப்பதைவிடக் குறைவு. அதை முழு வேகத்தில் ஓட்டினால் பந்தயத்தின் பாதிவரைதான் தாங்கும். அதனால்தான் ஒருவருக்கு இரண்டு கார்.

2018 டிசம்பரில் தொடங்கிய பருவத்தில் இரண்டாம் தலைமுறை வந்தது. 54 கிலோவாட்மணி. ஒரே காரில் முழுப் பந்தயமும் ஓட்ட முடிந்தது. ஆனால் பேட்டரி மட்டுமே 385 கிலோ.

எடைதான் மின்சாரப் பந்தயத்தின் தீராத தலைவலி. கணக்கு இதுதான்: 2025 வரையிலான விதிப்படி, ஒரு ஃபார்முலா 1 கார் பந்தயத்துக்கு 110 கிலோ எரிபொருள்வரை பயன்படுத்தலாம். அதற்குள் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 1,300 கிலோவாட்மணி. மின்மோட்டார் தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் 90 விழுக்காட்டுக்கு மேல் சக்கரத்துக்கு அனுப்பிவிடும், பெட்ரோல் இன்ஜினால் அது முடியாது. அந்தச் சலுகையைக் கொடுத்தாலும் இடைவெளி மலைக்கும் மடுவுக்கும்தான். ஃபார்முலா 1 பந்தயம் சுமார் 305 கிலோமீட்டர், ஃபார்முலா ஈ பந்தயம் சுமார் 100 கிலோமீட்டரோடு முடிந்துவிடுவதற்குக் காரணம் இதுவே.

பேட்டரி சின்னதாச்சு, கார் வேகமாச்சு. எப்படி?

2023-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் ஒரு விசித்திரம். பயன்படுத்தக்கூடிய ஆற்றல் 38.5 கிலோவாட்மணியாகக் குறைந்தது. பேட்டரி எடையும் சுமார் 100 கிலோ குறைந்தது. ஆனால் காரின் சக்தி 250-இலிருந்து 350 கிலோவாட்டாகக் கூடியது.

பிரேக்கில்தான் ரகசியம். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வீணாகப் போக வேண்டிய சக்தியைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். இது உங்கள் மின்சாரக் காரிலும் இருக்கிறது. பந்தயக் காரில் முன் மோட்டார் 250, பின் மோட்டார் 350, ஆக 600 கிலோவாட் வேகத்தில் திரும்பிப் போகிறது. பந்தயத்தில் செலவாகும் ஆற்றலில் சுமார் 40 விழுக்காடு இப்படி ஓடும்போதே சம்பாதித்தது. இந்த நம்பிக்கையில் பின் சக்கரங்களுக்கு வழக்கமான பிரேக்கே வேண்டாம் என்று வடிவமைத்தார்கள். சோதனை ஓட்டங்களுக்குப் பிறகு, மின்சார அமைப்பு செயலிழந்தால் என்ன செய்வது என்ற கவலை வந்து, அவசரப் பிரேக் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது.

பேட்டரியில் எவ்வளவு பிடிக்கும் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு வேகமாக உள்ளே போய் வெளியே வரலாம் என்பது இன்னொரு கேள்வி. பத்துமலைப் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குகைக்குள் இடம் இருக்கலாம். ஆனால் தைப்பூசத்தன்று எல்லாரும் ஒரே நேரத்தில் ஏறினால் படிதான் நெரிசல். லித்தியம் அயனிகளுக்கும் அதே நிலைமை. வலிந்து வேகமாக ஏற்றினால் சூடு கூடும், உள்ளே நுழைய முடியாத லித்தியம் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். பேட்டரியின் ஆயுளும் பாதுகாப்பும் அங்கேதான் கெடும். உங்கள் கார் 80 விழுக்காட்டுக்கு மேல் மெதுவாக சார்ஜ் ஆவதற்கும் இதுவே காரணம். பழுது என்று பயப்பட வேண்டாம்.

படியை அகலமாக்குவது எப்படி என்பதைத்தான் பந்தயப் பேட்டரி கற்றுத் தருகிறது.

30 விநாடி சார்ஜ்

2025 பிப்ரவரியில் ஜெட்டாவில் 'பிட் பூஸ்ட்' அறிமுகமானது. கார் உள்ளே வரும், 600 கிலோவாட் சார்ஜர் 30 விநாடிக்கு ஏற்றும், பேட்டரியில் 10 விழுக்காடு கூடும். அதாவது 3.85 கிலோவாட்மணி. உண்மையில் இது 2023-லேயே வந்திருக்க வேண்டியது. இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது.

அந்த இரண்டு ஆண்டுகளில் வெளியே உலகம் நிற்கவில்லை. ஜெட்டா பந்தயத்துக்கு அடுத்த மாதமே, சீனாவின் பிஒய்டி நிறுவனம் 1,000 கிலோவாட் சார்ஜிங் முறையை அறிவித்தது. ஐந்து நிமிடத்தில் 400 கிலோமீட்டர் ஓடத் தேவையான சார்ஜ் என்பது அதன் கணக்கு. பந்தயக் காருக்கு அல்ல, குடும்பத்தோடு போகும் காருக்கு!

அப்படியானால் 'பந்தயத்தில் பிறந்து ரோட்டுக்கு வருகிறது' என்ற விளம்பரப் பேச்சு உண்மையா? பாதிதான். ஃபார்முலா ஈயில் எல்லா அணிகளுக்கும் ஒரே பேட்டரி, ஒரே விநியோகிப்பாளர். செலவைக் கட்டுப்படுத்த அப்படி ஒரு விதி. அணிகள் போட்டி போட்டு மேம்படுத்துவது மோட்டார், இன்வெர்ட்டர், மென்பொருள் ஆகியவற்றை. அதில் பலன் இல்லாமல் இல்லை. ஜாகுவார் தன் ஐ-பேஸ் கார்களுக்கென நடத்திய பந்தயத் தொடரில் கற்றதை வைத்து, 2019 டிசம்பரில் வாடிக்கையாளர்களின் கார்களுக்கு ஒரு மென்பொருள் மேம்பாடு கொடுத்தது. பேட்டரியைத் தொடாமலே 20 கிலோமீட்டர்வரை கூடுதல் தூரம் கிடைத்தது.

அடுத்து என்ன?

நான்காம் தலைமுறை ஃபார்முலா ஈ கார் 2026-27 பருவத்துக்கு வருகிறது. பயன்படுத்தக்கூடிய ஆற்றல் 55 கிலோவாட்மணி, உச்ச சக்தி 600 கிலோவாட், பிரேக்கில் திரும்பக் கிடைப்பது 700 கிலோவாட்வரை. எந்நேரமும் நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும். புத்ராஜெயாவில் ஓடிய கார் பந்தயத்தில் பயன்படுத்தியது 150 கிலோவாட்தான்.

ஃபார்முலா 1-ம் இந்தப் பக்கம் பாதி வந்துவிட்டது. 2026 விதிகளில் அதன் மின்மோட்டார் 120-இலிருந்து 350 கிலோவாட்டாக உயர்ந்து, காரின் சக்தியில் ஏறக்குறைய பாதி மின்சாரம். மீதிப் பாதிக்கு இன்ஜின்தான், ஆனால் நீடித்த நிலைத்தன்மை கொண்ட எரிபொருளோடு.

மோட்டார் சைக்கிள் கதை வேறு. மோட்டோஇ தொடரின் தொடக்கமே சோகம். 2019 மார்ச்சில் ஸ்பெயினின் ஹெரெஸ் தளத்தில் பின்னிரவில் மூண்ட தீயில் பைக்குகள் எல்லாம் எரிந்து போயின. முதல் பந்தயம் ஜூலைக்குத் தள்ளிப்போனது. 2023-இல் டுகாட்டி வந்து, 110 கிலோ எடையும் 18 கிலோவாட்மணியும் கொண்ட பேட்டரியோடு வி21எல் பைக்கைக் கொடுத்தது. பைக் நன்றாகவே ஓடியது. ஆனால் ஒரு பந்தயத்துக்குச் சில சுற்றுகள்தான், அதற்குள் முடிந்துவிடும். மோட்டோஜிபி ரசிகர்களில் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை.

2025 செப்டம்பரில் மியூனிக் வாகனக் கண்காட்சியில் அதே வி21எல் பைக்கை மேடையேற்றினார்கள். இந்த முறை உள்ளே இருந்தது குவாண்டம்ஸ்கேப் நிறுவனத்தின் திடநிலை பேட்டரி. வழக்கமான பேட்டரியில் மின்முனைகளைப் பிரிப்பது தீப்பற்றக்கூடிய திரவத்தில் ஊறிய பிளாஸ்டிக் படலம். இதில் அந்த இடத்தில் செராமிக் தகடு. 10-இலிருந்து 80 விழுக்காடு ஏற 12 நிமிடத்துக்குச் சற்று அதிகம் போதும் என்கிறார்கள். தீ, எடை, சார்ஜ் நேரம் மூன்றுக்கும் ஒரே பதில் கிடைக்கலாம் என்பதால்தான் இவ்வளவு எதிர்பார்ப்பு.

அதே மாதத்தில் மோட்டோஇ நிர்வாகமும் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: 2025 பருவத்தோடு தொடர் நிறுத்தி வைக்கப்படுகிறது. புதிய பேட்டரி கிடைத்த பைக்குக்கு இப்போது ஓடுவதற்குப் பந்தயம் இல்லை.