சோலார் தகடுகளை வாங்கப்போவது யார்? விக்ரம் சோலாரின் 2024-25 ஆண்டுக் கணக்கும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களும்

மேற்கு வங்கத்து ஃபால்டாவிலும் காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்திலும் சோலார் தகடு ஆலைகள் நடத்தும் விக்ரம் சோலார், 2021-22 நிதியாண்டில் சுமார் 63 கோடி ரூபாய் நட்டத்தில் இருந்தது. 2023-24இல் ஏறத்தாழ 80 கோடி, 2024-25இல் ஏறத்தாழ 140 கோடி என்று அதன் நிகர லாபம் ஏறியது. லாப எண்ணை மட்டும் பார்த்தால் நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் அதே கணக்கில் வேறு மூன்று எண்கள் உள்ளன. விற்ற தகடுகளின் திறன் ஓராண்டில் இரு மடங்குக்கும் மேலாகி 1.9 கிகாவாட் ஆனது. வருவாயோ 2,511 கோடியிலிருந்து 3,423 கோடிக்குத்தான் உயர்ந்தது. சரக்கு இரட்டிப்பாகியும் பணம் மூன்றில் ஒரு பங்கு அளவே கூடியது என்றால், ஒரு வாட்டுக்குக் கிடைத்த விலை பெரிதும் இறங்கிவிட்டது என்று பொருள். மூன்றாவது எண் இதற்கான காரணத்தைச் சொல்கிறது. 2023-24இல் வருவாயில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றுமதியால் வந்தது. மறு ஆண்டு அது 1 விழுக்காடாகச் சுருங்கியது. அந்த ஏற்றுமதி பெரும்பாலும் சென்ற அமெரிக்கச் சந்தையின் விலை உள்நாட்டில் கிடைக்காது. ஆகவே இந்நிறுவனத்தின் எதிர்காலம் ஆலைகளின் திறனைவிட உள்நாட்டில் வாங்குவோரின் நிலையைப் பொறுத்தது. அந்த நிலையைப் பெரம்பலூர், அரியலூர் போன்ற மானாவாரி மாவட்டங்களில்தான் சரியாக அளக்க முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

உள்நாட்டுச் சந்தையை அரசு அரண் கட்டிக் காக்கிறது. 2022 ஏப்ரல் முதல் இறக்குமதித் தகடுகளுக்கு 40 விழுக்காடும் செல்களுக்கு 25 விழுக்காடும் சுங்கவரி விதிக்கப்பட்டது. அனுமதிபெற்ற உற்பத்தியாளர் பட்டியல் 2024 ஏப்ரலில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. செல்களுக்கான பட்டியல் 2026 ஜூன் முதல் என்று அறிவிக்கப்பட்டது. அரணுக்குள் இப்போது கூட்டம் மிகுந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் பட்டியலிலுள்ள ஆலைகளின் மொத்தத் திறன் 100 கிகாவாட்டைத் தாண்டியது. 2024-25இல் நாடு முழுவதும் புதிதாக நிறுவப்பட்ட சூரிய மின்திறன் ஏறத்தாழ 24 கிகாவாட்தான். விக்ரம் சோலாரிடம் 2025 மார்ச் முடிவில் 10.3 கிகாவாட் அளவுக்கு ஆர்டர் கையிருப்பு இருந்ததே என்று முதலீட்டாளர் கேட்கலாம். அந்த ஆண்டு விற்பனை வேகத்தில் அது ஐந்தாண்டு வேலை. ஆனால் 2026-27க்குள் தகடு உற்பத்தித் திறனை 20.5 கிகாவாட்டாக்குவது அந்நிறுவனத்தின் திட்டம். அந்த ஆலைகள் முழுவீச்சில் ஓடினால் இதே கையிருப்பு அரையாண்டில் தீர்ந்துவிடும்.

நல்ல விலை கிடைக்கும் பகுதி ஒன்று உண்டு: இந்தியாவில் செய்த செல்லையே கொண்ட தகடு வேண்டும் என்ற விதிக்குட்பட்ட அரசுத் திட்டங்கள். வீட்டுக்கூரைக்கான சூர்ய கர் திட்டமும் விவசாயத்துக்கான குசும் திட்டமும் இவ்வகையின. இடையிடையே விலக்கு தரப்பட்டாலும் போக்கு இதுதான். விக்ரம் சோலார் இதுவரை செல்லை வெளியில் வாங்கித்தான் தகடு செய்கிறது. திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டானில் செல் ஆலை எழுப்பத் திட்டமிடுவதற்குக் காரணம் இதுவே. ஆனால் இத்திட்டங்களின் வாடிக்கையாளர் பல இடங்களில் கிராமத்துக்காரர். தமிழ்நாட்டுக் கிராமத்தில் அவருக்குத் தகடு வாங்கும் அவசியமே இல்லை. வீட்டுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பம்புசெட்டுக்கு 1990 முதல் மின்சாரமே இலவசம். பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயத்துக்குக் கிணற்றுநீர் பாய்ச்சுபவரின் குறை கட்டணம் பற்றியதல்ல. மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும்போது, இராத்திரியில் எழுந்துபோய் மோட்டாரைப் போட வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவர் குறை. அவருக்கு வேண்டியது பகல் மின்சாரம். தனியாக ஒரு சோலார் பம்பு அல்ல.

எனவே தகட்டை விவசாயியிடம் விற்க முயல்வதைவிட, பம்புசெட்டுகளுக்கு ஓடும் மின்தடமான ஃபீடரையே சூரிய மின்சாரத்துக்கு மாற்றுவதுதான் வழி. குசும் திட்டத்தின் மூன்றாம் கூறு அதற்கு இடமளிக்கிறது. ஒரு ஃபீடரில் 5 குதிரைத்திறன் பம்புகள் 200 இருப்பதாகக் கொண்டால் மொத்தச் சுமை சுமார் 750 கிலோவாட். அதற்கு 1 மெகாவாட் நிலையம், அதாவது 550 வாட் தகடுகள் ஏறத்தாழ 1,800, நான்கைந்து ஏக்கர் நிலம் போதும். மாநிலத்தின் விவசாய மின் இணைப்புகள் சுமார் 23 லட்சம். ஒவ்வொன்றையும் 5 குதிரைத்திறனாகவே எடுத்தாலும் சுமை 8.5 கிகாவாட்டைத் தாண்டும். இது விக்ரம் சோலாரின் 2024-25 விற்பனையைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இந்த மதிப்பீட்டில் பாதியே நிறைவேறினாலும் இழந்த ஏற்றுமதிக்கு அது ஈடாகும். இலவசத்துக்காக அரசு மின்வாரியத்துக்குத் தரும் மானியமும் குறையும்.

நிலம் பற்றிய அச்சம் நியாயமானது. அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்கென்று 1990களில் உழவர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. திட்டம் வரவில்லை, இழப்பீட்டு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன, கடைசியில் நிலத்தைத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. அந்த வடு உள்ள மண்ணில் கையகப்படுத்தல் கூடவே கூடாது. துணைமின் நிலையத்தை ஒட்டிய நிலத்தை உரியவரிடமே குத்தகைக்கு எடுக்க வேண்டும். சிமெண்ட் ஆலைகள் தோண்டி முடித்த சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் ஓரப் பரப்புகளையும் பயன்படுத்தலாம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் படுகையை மட்டும் தொடவே கூடாது. தரிசாகத் தெரியும் அந்தப் பள்ளங்களில் கிரெட்டேசியஸ் காலக் கடலுயிர்ப் படிமங்கள் கிடக்கின்றன. அதன்மேல் தகடு பரப்புவது நம் கைக்கு வந்த பெரும் செல்வத்தை மூடிப் புதைப்பதாகும்.

பெரம்பலூர் மாவட்டத்துப் பாடாலூரிலோ எறையூரிலோ தகடு ஆலையே வந்தால் வேலை கிடைக்குமே என்பது அடுத்த கேள்வி. செல், கண்ணாடி முதலிய பொருள்களில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. அதனால் துறைமுகத்துக்கு அருகில் இருப்பது லாபம். கங்கைகொண்டானுக்குத் தூத்துக்குடி இருக்கிறது. செல் ஆலைக்கு மிகத் தூய நீர் நிறைய வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலை சென்னையின் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறுகிறது. கிணறு வற்றும் பெரம்பலூரில் அப்படியொரு மூலம் இல்லை. இங்கே அமைந்துவரும் காலணி ஆலைகளே அதிகம் பேருக்கு வேலை தரக்கூடியவை.

கடினமான மறுப்பு ஒன்று மிஞ்சுகிறது: கடன் சுமந்த மின்வாரியம் சிறிய மின்நிலையங்களுக்குக் காலத்தில் பணம் தருமா? தராவிட்டால் குத்தகை நின்றுபோகும், வங்கி அடுத்த நிலையத்துக்குக் கடன் தராது, தகடும் விற்காது. இதற்குச் சந்தையிடம் பதில் இல்லை. விவசாய மானியமாக அரசு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் வைத்து, மாதந்தோறும் நேரே நிலையங்களுக்குச் செலுத்தினால் மட்டுமே வங்கி நம்பும். தகடு நிறுவனங்கள் சுங்கவரியை நீட்டிக்கக் கேட்டு தில்லியில் செலவிடும் முயற்சியில் ஒரு பங்கையாவது இந்தத் தனிக் கணக்குக்காகச் சென்னையில் செலவிட வேண்டும்.